‘ஜெனரஸ்’ என்று யாரைச் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம்?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் வீட்டு முன்கூடத்தில்தான் டியூஷன் நடக்கிறது. போன வாரம் இரண்டாம் படிவம் படிக்கிற பிள்ளை ஒருத்தி ஆங்கிலக் கட்டுரையில் தன் பாட்டியைப் பற்றி நாலு வரி எழுதினாள். ஐந்தாவது வரியில் ‘ஜெனரஸ்’ என்று போட்டாள், போட்ட வேகத்திலேயே அதை அடித்தும் விட்டாள். ஏம்மா அடிச்சே என்று கேட்டேன். “பாட்டிகிட்ட காசே இல்ல டீச்சர். காசு இல்லாதவங்கள ஜெனரஸ்னு சொல்ல முடியுமா?” என்றாள்.

முடியும் என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம், மனம் வரவில்லை. அகராதியைப் புரட்டினால் ‘தாராள மனப்பான்மை உள்ள’ என்று ஒரு வரி கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எழுதுகிற வாக்கியங்களைப் பல வருஷமாகத் திருத்துகிறேன், அதில் முக்கால்வாசி வாக்கியத்தில் பணக்காரர் ஒருவர் நன்கொடை கொடுத்துக்கொண்டிருப்பார். அந்தப் பிள்ளையின் பாட்டிக்கு அங்கே இடமே இல்லை. அதனால் இந்தச் சொல்லை நம் ஊரில், நம் பேச்சில் எப்படிப் புழங்குவது என்று கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற பெற்றோருக்கும் உதவும்.

முதலில் பொருள்

மூன்று சங்கதி சேர்ந்தால்தான் அது ஜெனரஸ். கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. எதிர்பார்த்த அளவைவிடக் கொஞ்சமாவது கூடுதலாக இருக்க வேண்டும். மனசு வந்து கொடுக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வேறு சொல் தேடுங்கள். மாதக் கடைசியில் சம்பளத்தைச் சரியாகக் கொடுக்கிற முதலாளி நேர்மையானவர், அதற்கு ஜெனரஸ் என்று போட்டால் பிள்ளைக்கு மார்க் குறைப்பேன், ஏனென்றால் அது வேலை செய்தவருக்குச் சேர வேண்டிய பணம். கோயில் கமிட்டி வீட்டுக்கு வந்து ரசீதுப் புத்தகத்தை நீட்டிய பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் 50 வெள்ளி (ரிங்கிட்) எழுதியிருக்கிறாரே என்று பார்த்து நாமும் 50 எழுதினால் அது ஊருக்குப் பயந்து எழுதியது.

இன்னொன்றைக் கவனியுங்கள், இந்த மூன்றில் ‘பணம்’ என்ற சொல்லே வரவில்லை. கொடுப்பது நேரமாக இருக்கலாம், உழைப்பாக இருக்கலாம், தெரிந்த தொழிலாக இருக்கலாம், ஒரு நல்ல வார்த்தையாகக்கூட இருக்கலாம். இப்போது தோட்டங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம் என்று வெளியூர் ஆட்கள்தான் நிறைய. நீளக் கம்பில் கட்டிய அரிவாளை வைத்துச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனையின் குலையை எந்தப் பக்கம் நின்று அறுத்தால் தலையில் விழாது என்று, புதிதாக வந்த பையனுக்குத் தன் வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் நின்று காட்டிக் கொடுக்கிற நம் ஆள் ஒருவர் இருந்தால் அவர் ஜெனரஸ். அவருக்கு அந்த அரை மணிக்குச் சம்பளம் கிடையாது. வெட்டுகிற குலைக்குத்தான் காசு என்றால் அந்த நேரத்தில் அவரே இன்னும் ரெண்டு குலை வெட்டியிருக்கலாம். எழுதவும் ஒன்றும் கஷ்டமில்லை: ‘ஜெனரஸ் வித் ஹிஸ் டைம்’, நேரம் கொடுப்பதில் தாராளமானவர்.

இங்கேதான் பிள்ளைகள் தடுக்குவார்கள், கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். எதைக் கொடுக்கிறார் என்பதற்கு ‘வித்’, யாருக்குக் கொடுக்கிறார் என்பதற்கு ‘டு’. ‘ஜெனரஸ் வித் ஹெர் மணி’, ‘ஜெனரஸ் டு ஹெர் நெய்பர்ஸ்’. ஒருவர் செய்த ஒரு காரியத்தைப் பாராட்ட ‘ஆஃப்’: ‘தட் வாஸ் ஜெனரஸ் ஆஃப் யூ’. இந்தக் கடைசி வாக்கியத்தை ‘அது உங்களின் தாராளமாக இருந்தது’ என்று தமிழில் எழுதுகிறார்கள், அப்படி யாரும் பேசுவதில்லை. நம் பேச்சில் அது ‘பெரிய மனசு உங்களுக்கு’. அல்லது, ‘இவ்வளவு செய்வீங்கன்னு நினைக்கல’. தமிழில் வித், டு வேலையை எல்லாம் உருபு பார்த்துக்கொள்ளும்: சோறு போடுவதில் தாராளம், பிள்ளைகளிடம் தாராளம். அவ்வளவுதான்.

தமிழில் எந்தச் சொல்லை எடுப்பது

ஆங்கிலத்தில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பல இடத்தில் சமாளிக்கிறார்கள். நமக்கு இடத்துக்கு ஒரு சொல் இருக்கிறது, அதனால் முதலில் இடத்தைப் பாருங்கள்.

காசு, சாப்பாடு, பொருள் என்று கையில் எடுத்துக் கொடுப்பவர் என்றால் ‘கை தாராளம்’. ‘அவருக்குக் கை தாராளம்’ என்றால் எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் ‘கை நீளம்’ என்று மாற்றிச் சொல்லிவிடாதீர்கள், அது திருட்டுப் பழக்கம். ‘ஓட்டைக் கை’ என்றால் காசு தங்காத ஊதாரி. மூன்றும் கைதான், மூன்று ஆள்.

தட்டில் போடுகிற அளவு, துணியில் விடுகிற அளவு, பரீட்சையில் போடுகிற மார்க், இதற்கெல்லாம் ‘தாராளமாக’ என்று வினையோடு சேர்த்தால் போதும். ‘எ ஜெனரஸ் போர்ஷன்’ என்பதை ‘தாராளமான பங்கு’ என்று எழுதினால் சொத்துப் பிரிக்கிற மாதிரி இருக்கும். ‘சம்பல் தாராளமா வச்சிருக்காங்க’ என்று எழுதினால் படிக்கிறவருக்குப் பசி எடுக்கும். தையல்காரம்மா பள்ளிச் சீருடை தைக்கும்போது, பிள்ளை அடுத்த வருஷம் வளர்வாள் என்று உள்ளே மடிப்பில் துணி விட்டுத் தைக்கிறாரே, அந்த மடிப்பையும் ஆங்கிலத்தில் ஜெனரஸ் என்பார்கள். நாம் ‘துணி நல்லா விட்டுத் தைச்சிருக்கு’ என்போம்.

மன்னிப்பது, விட்டுக்கொடுப்பது, போட்டியில் தோற்ற பிறகும் ஜெயித்தவரை வாய் நிறையப் பாராட்டுவது, இதுவும் ஆங்கிலத்தில் ஜெனரஸ்தான். இந்த இடத்தில் மட்டும் தாராளத்தைத் தொடாதீர்கள். ‘பெருந்தன்மை’ என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய ஒரு சின்ன சோதனை: கொடுத்ததை எண்ண முடிந்தால் தாராளம், எண்ண முடியாவிட்டால் பெருந்தன்மை. கோயில் தலைவர் தேர்தலில் தோற்றவர், மறுநாள் காலையில் அதே கோயிலில் வந்து புதுத் தலைவருக்குப் பக்கத்தில் நின்று பந்தல் கட்டினால் அது பெருந்தன்மை. என் கண்ணால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அந்த மனிதர்மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை போகவில்லை.

‘வள்ளல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முல்லைக்கொடி பற்றிப் படரத் தேரைக் கொடுத்த பாரியும், மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும், இன்னும் ஓரி, காரி, ஆய், நள்ளி, அதியமான் என்று ஏழு பேரைத்தான் கடையெழு வள்ளல்கள் என்று தமிழ் எண்ணி வைத்திருக்கிறது. இன்றைக்கு அரிசி மூட்டை கொடுத்தவர் பெயருக்கு முன்னால் எல்லாம் பேனரில் வள்ளல் என்று அச்சடிக்கிறார்கள். அப்படிச் செய்யச் செய்ய, உண்மையிலேயே ஒருவரை வாய் நிறைய அப்படி அழைக்க வேண்டிய நாளில் சொல் கையில் இருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், மயிலுக்குப் போர்வை எதற்கு என்று பழைய புலவர்களே யோசித்திருக்கிறார்கள். பின்விளைவு பாராமல் அப்படிக் கொடுப்பதற்குக் ‘கொடைமடம்’ என்று பெயரே வைத்தார்கள். மடம் என்றால் அறியாமை. ஆனால் திட்டிச் சொல்லவில்லை, கொண்டாடித்தான் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது.

அப்புறம், தலைகீழாக வருகிற ஒரு குழி. நாம் சொல்லுகிற ‘தாராளமா’ எல்லாம் ஜெனரஸ் இல்லை. “உள்ள வரலாமாண்ணே?” “தாராளமா வா.” இங்கே அது ‘தடையில்லை, வா’ என்பதுதான், இதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஜெனரஸ்லி என்று போட்டுவிடாதீர்கள், போன வருஷம் மூன்று பிள்ளைகள் போட்டார்கள். ‘பொய் தாராளமாப் புழங்குது’ என்றாலும் அப்படித்தான், அங்கே நிறைய என்று மட்டும்தான் பொருள்.

மலாயில் இதே சங்கதிக்கு ‘முரா ஹாத்தி’ என்கிறார்கள். முரா என்றால் விலை மலிவு, ஹாத்தி மனசு. மனசை மலிவாக வைத்திருப்பவர், யாருக்கும் எட்டுகிற விலையில் வைத்திருப்பவர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த சொல். கஞ்சத்தனத்துக்கு அவர்கள் சொல்லும் ‘கெடெகுட்’ நம் பிள்ளைகள் வாயில் தமிழாகவே ஆகிவிட்டது. நமக்குச் சொந்தமாக ‘எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன்’ இருக்கிறதே, அதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் படத்தையே மனதில் பார்க்கிறார்கள்: சாப்பிடும் கையை வீசினால் காக்காவுக்கு ஒரு பருக்கை போய்விடுமாம். கஞ்சன், கருமி, ஈயாதவன் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒன்று போதும்.

சொல்லுக்குள் இருக்கிற உயரம்

இது பரீட்சைக்கு வராது, ஆனால் படியுங்கள்.

ஜெனரஸ் என்ற சொல் லத்தீனில் ‘ஜெனரோசுஸ்’ என்று இருந்தது. பொருள், உயர்குடியில் பிறந்தவன். ஜீன், ஜெனரேஷன் என்கிறோமே, அதே வேர்தான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் குலப்பெருமையைத்தான் சுட்டியது. பெரிய குலத்தில் பிறந்தவனுக்குப் பெரிய மனசு இருக்கும் என்று நம்பி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிற குணத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

நம் பக்கமும் இதே கதைதான். ஈகை அதிகாரத்தில் 223ஆம் குறள்: ‘இலனென்னும் எவ்வம் உரையாமை ஈதல் குலனுடையான் கண்ணே உள.’ அங்கேயும் குலம் வந்து நிற்கிறது. தொல்காப்பியம் கேட்கிற சொல்லையே மூன்றாகப் பிரிக்கிறது: தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ‘ஈ’, ஒத்தவனிடம் கேட்டால் ‘தா’, உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் ‘கொடு’. கொடுக்கல் வாங்கல் என்றாலே யார் மேலே, யார் கீழே என்கிற கணக்கு உள்ளே ஓடுகிறது. கங்காணி, கிராணி, துரை என்று படிக்கட்டாக அடுக்கிய எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் அந்தக் குறளின் முதல் பாதியைப் பாருங்கள். ‘இலனென்னும் எவ்வம் உரையாமை ஈதல்.’ உரைகாரர்கள் பல விதமாக விளக்குகிறார்கள், அதில் ஒன்று: எதிரில் நிற்பவன் ‘எனக்கு இல்லை’ என்று வாய் திறந்து சொல்லுகிற அந்தத் துன்பத்தை அவனுக்கு வைக்காமல், குறிப்பறிந்து முன்னாலேயே கொடுத்துவிடுவது. ஜெனரஸ் என்ற சொல்லுக்கு இதைவிடக் கூர்மையான விளக்கத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கேட்ட பிறகு கொடுப்பது நல்ல குணம், கேட்க வைக்காமல் கொடுப்பதுதான் பெரிய குணம். அது குலத்தில் வருகிறதா என்று கேட்டால், நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பார்த்ததைச் சொல்கிறேன்.

பால் டின்

எங்கள் பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். லயத்து வீட்டில் அரிசி அளக்க அவரிடம் இருந்தது கெட்டிப்பால் டின் ஒன்று, வாய் ஓரத்தைச் சுத்தியால் தட்டி மடக்கிய டின். மாதக் கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நிற்பார். அரிசி வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ‘அடுப்பு பத்த வச்சிட்டியா?’ என்பார் பாட்டி. அந்த அக்கா ‘இனிமேதான்’ என்பார். உடனே பாட்டி என்னைப் பார்த்து, ‘உள்ள போய் ரெண்டு டின் எடுத்துட்டு வா, அவ வீட்டுப் பானைக்கு நம்ம அரிசி நல்லா வேகுதான்னு பாக்கணும்’ என்பார். ரேஷன் அரிசி எல்லா வீட்டிலும் ஒரே அரிசிதான், அது மூன்று பேருக்கும் தெரியும்.

நான் டின்னில் அரிசியை அள்ளி, கையால் தலை தட்டிக் கொண்டுவந்தேன் ஒரு நாள். பாட்டி வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்ப உள்ளே போய், மேலே கோபுரம் வைத்து, சிந்தாமல் இன்னொரு கையை அணை கொடுத்து எடுத்து வந்தார். அந்த அக்கா முந்தானையை விரித்தார். சம்பளம் போட்டதும் அரிசி திரும்பி வரும், அதுவும் கோபுரம் வைத்தே வரும். சில நேரம் அரிசியோடு ஒரு முருங்கைக் கீரைக் கட்டும் வரும்.

இதைக் கட்டுரையில் ஜெனரஸ் என்று எழுதலாமா? இங்கே 221ஆம் குறள் உதவுகிறது. இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் ‘குறியெதிர்ப்பை’ என்கிறது. குறியெதிர்ப்பை என்றால் அளவு குறித்து வாங்கி அதே அளவைத் திருப்பிக் கொடுப்பது. அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்குச் சட்டென்று பாட்டியின் டின்தான் ஞாபகம் வந்தது. தலை தட்டிக் கொடுத்துத் தலை தட்டி வாங்கினால் அது குறியெதிர்ப்பை. டின்னுக்கு மேலே நிற்கிற அந்தக் கோபுரம் இருக்கிறதே, அது மட்டும் கணக்கில் வராது. அதைத்தான் ஜெனரஸ் என்று பிள்ளைகளுக்கு டின்னை வைத்தே காட்டுகிறேன். இப்போதும் ஒரு டின் வைத்திருக்கிறேன், வகுப்பில் அரிசியை அள்ளிக் காட்டினால் ‘எதிர்பார்த்த அளவைவிடக் கூடுதல்’ என்பதை விளக்க வேண்டியதே இல்லை.

இந்த அளவுகோலை வைத்தால் பல விஷயம் தெளியும். கல்யாணத்தில் உறையில் போட்டு எழுதுகிற மொய் நல்ல பழக்கம், அவசரத்துக்கு ஒரு குடும்பத்தைத் தூக்கிவிடும், ஆனால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிற வரைக்கும் அது குறியெதிர்ப்பைதான். நண்பர்கள் இன்றைக்கு நீ ‘பெலாஞ்சா’, நாளைக்கு நான் என்று தே தாரிக் வாங்கிக் கொடுப்பதும் அப்படியே. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அங்பாவ் பண உறை? எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி கொடுத்தால் அது அன்பு, பழக்கம். தகப்பன் இல்லாத பிள்ளையின் உறையில் மட்டும் யாருக்கும் தெரியாமல் இன்னொரு நோட்டைச் சேர்த்து வைத்தால் அந்த நோட்டு ஜெனரஸ்.

பலகாரத் தட்டையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்குக்கு (நாம் அத்தை என்கிற மாதிரி) முறுக்கும் அதிரசமும் அனுப்பினால் தட்டு வெறுமையாகத் திரும்பி வராது, நம் வீட்டிலும் வெறுந்தட்டைத் திருப்பக் கூடாது, சர்க்கரையாவது வைத்து அனுப்புவோம். அது முறை. ஆனால் ஹரிராயா அன்று, நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்று தெரிந்து, எங்களுக்கென்று தனிச் சட்டியில் கோழி ரெண்டாங் கிண்டி எடுத்து வைக்கிறாரே அந்த மக்சிக், நாற்பது பேருக்குச் சமைக்கிற நாளில் இன்னொரு சட்டியை அடுப்பில் ஏற்றுகிற அந்த மெனக்கெடல், அதற்கு நான் தயங்காமல் ஜெனரஸ் என்று எழுதச் சொல்வேன்.

காசு இல்லாதவர்கள் கொடுத்தது

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். காசு இல்லாதவர்களை அப்படிச் சொல்ல முடியுமா?

1943ல் சுபாஷ் சந்திர போஸ் மலாயாவுக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு நிதி கேட்டபோது, தோட்டத்துப் பெண்கள் காதில் கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள், தாலியைக் கொடுத்தவர்களும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில், மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த நாட்களில் நடந்தது இது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்விக்காக ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது, ஒரு வெள்ளி ஒரு வெள்ளியாகக் கொடுத்தவர்களில் பால்மரம் வெட்டியவர்கள் ஏராளம். தன் பிள்ளை அந்தப் பல்கலைக்கழக வாசலையாவது மிதிக்குமா என்று தெரியாதவர்கள் கொடுத்த வெள்ளி அது. அளவை எப்போதும் கொடுத்தவர் கையில் என்ன இருந்தது என்பதோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும், நோட்டில் போட்டிருக்கிற எண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது.

இதில் ஒரு நுணுக்கம். எங்கள் ஊர்க்காரர், மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்து குடும்பங்கள் வீடும் வேலையும் இழந்துகொண்டிருந்த நேரம். தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். இதை ஜெனரஸ் என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். அடித்தேன். அவர்கள் தானம் செய்யவில்லை, தங்களுக்காகத் தாங்களே சேர்ந்து வாங்கினார்கள், அந்தப் பெருமையைத் தானம் என்று சொல்லிக் குறைக்க வேண்டாம். அதற்குக் கூட்டுறவு என்றே பெயர் இருக்கிறது.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும்

சொல்லைக் கற்றுக்கொண்டு செயலை விட்டால் பாதிப் பாடம்தான். சில பழக்கங்களைச் சொல்கிறேன்.

கொடுத்ததைச் சொல்லிக்காட்டாதீர்கள். ‘சொல்லிக்காட்டுதல்’ என்று நமக்கு ஒரு சொல்லே இருக்கிறது, எவ்வளவு அடிபட்டு இந்தச் சொல் பிறந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பத்து வருஷம் முன்னால் கொடுத்த 200 வெள்ளியை ஒரு கோபத்தில் சொல்லிக்காட்டினால், அன்றைக்கே அது கடனாக மாறிவிடும், ஜெனரஸ் என்ற பெயர் போய்விடும்.

போட்டோ எடுக்காதீர்கள். இதை நான் மனம் நொந்து சொல்கிறேன். சில வருஷம் முன்னால் பள்ளிப்பை கொடுக்கிறோம் என்று ஒரு குழு பிள்ளைகளை வரவழைத்தார்கள். நான் டியூஷன் பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலில் வரிசையாக நிறுத்தி, ‘வசதி குறைந்த மாணவர்கள்’ என்று எழுதிய துணிப் பேனருக்குக் கீழே பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். ஒரு பையன் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை எடுத்தார்கள். நல்ல பை, விலையும் அதிகம்தான். அந்தப் பையன் ஒரு வாரம் கழித்துப் பழைய பையோடுதான் வந்தான், நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வைக்காமல் கொடுப்பது என்று மேலே சொன்னேனே, அந்தப் பிள்ளைகளைக் கேட்டது போல நிற்க வைத்துவிட்டோம். கூட்டிக்கொண்டு போனவள் நான் என்பதால் எனக்கும் அதில் பங்கு உண்டு. அதற்குப் பிறகு யாராவது ஏதாவது கொடுக்க விரும்பினால் என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகச் சொல்கிறேன், வகுப்பு முடிந்து போகும்போது பிள்ளை தானே எடுத்துக்கொண்டு போகும்.

சாப்பாடு போடும்போது ‘போதுமா?’ என்று கேட்காதீர்கள், ‘இன்னும் கொஞ்சம்’ என்று கரண்டியோடு நில்லுங்கள். தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுபவர்களைக் கவனியுங்கள், குவளை காலியாகும் முன்பே கை வந்துவிடும். எதைக் கொடுத்தாலும் வாங்குகிறவனுக்குப் பத்தாது, வயிறு நிறைந்தவன் மட்டும்தான் போதும் என்பான் என்று பெரியவர்கள் அன்னதானத்தை உயர்த்திச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அளவும் தெரிய வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதும் தமிழ்தான். வீட்டில் பிள்ளைக்குப் பால் மாவு வாங்க வைத்திருந்த காசை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிற புருஷனைப் பெரிய மனசுக்காரர் என்று ஊர் சொல்லும். அடுப்படியில் நிற்கிறவளிடம் கேட்டால் வேறு சொல் சொல்வாள், அவள் சொல்வதுதான் சரி.

வாங்கிக்கொள்வதையும் பழக வேண்டும். ‘ஐயோ இதெல்லாம் எதுக்கு’ என்று மூன்று தடவை தள்ளிவிட்டு வாங்குவது நம் வழக்கம், ஒரு தடவை போதும். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என்ன கொடுத்தார்களோ அதன் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். ‘ரொம்ப ஜெனரஸ்ங்க நீங்க’ என்று முகத்துக்கு நேரே சொன்னால் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். ‘நீங்க கொடுத்த அரிசியிலதான் நேத்து பிள்ளைங்க சாப்பிட்டாங்க’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்வது தெரியும்.

இவ்வளவையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை. உன் பாட்டி என்ன செய்வாங்க, அதை மட்டும் சொல்லு என்றேன். கொஞ்சம் யோசித்தாள். “தினமும் சோறாக்கும்போது எங்க எல்லாருக்கும் அளந்து போட்டுட்டு, கடைசியா அரை டின் சேர்த்துப் போடுவாங்க டீச்சர்.” யாருக்கு என்று கேட்டேன். “தெரியாது. யாராச்சும் வருவாங்கன்னு சொல்லுவாங்க.” வருவாங்களா? “வருவாங்க. பக்கத்து வீட்டுத் தம்பி வருவான், அவங்கம்மா செம்பனை வேலை முடிஞ்சு வர லேட்டாகும்.”

அடித்த வரிக்குக் கீழே திரும்ப எழுத ஆரம்பித்தாள். ‘ஜெனரஸ்’ வரை வந்து பென்சிலை நிறுத்தி, “வித் போடணுமா, டு போடணுமா டீச்சர்?” என்றாள்.

ரெண்டும் போடலாம் என்றேன். சோற்றுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று.